எடைக்குப் போகும் பட்டடைகள்

மலர்க் குழு நண்பர்கள், "நம்ம ஊர்ச் சரித்திரமா ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்றார்கள். ராஜாக்களைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஓர் இரும்புக் கட்டியின் சரித்திரம். முதலாண்டு ஒர்க்ஷாப்பில் ஸ்மித்தி வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? உருண்டைக் கம்பியைக் காய்ச்சிச் சதுரமாக அடிக்கச் சொல்வார்கள். கையில் கொப்புளத்தோடு ஹாஸ்டலுக்குத் திரும்புவோம். கம்பியை வைத்து அடித்தோமே, அதுதான் பட்டடை. கொல்லர்கள் அடைகல் என்பார்கள், பட்டறைக்கல் என்பார்கள். பெயரில்தான் கல், ஆள் முழுக்க இரும்பு.

இந்தப் பொருள் தமிழுக்குப் புதிதல்ல. வள்ளுவர் கூடாநட்பு அதிகாரத்தை ஆரம்பிப்பதே பட்டடை உவமையோடுதான். புறநானூற்றில் 170-ஆம் பாட்டு, குதிரைமலைத் தலைவன் பிட்டங்கொற்றனை, கொல்லன் ஓங்கி அடிக்கும் சம்மட்டியைத் தாங்கி நிற்கும் உலைக்கல்லுக்கு ஒப்பிடுகிறது. பாட்டில் மட்டுமா? சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் தோண்டிப் பார்த்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்த அடையாளங்களும் கிடைத்தன. ஆக, நம் கொங்கு மண்ணில் இரும்படிக்கும் சத்தம் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கேட்கிறது.

நம் கிராமத்துப் பட்டறையில் இருந்த பட்டடை எளிமையானது. சதுரமான இரும்புக் கட்டி, பாதி உடம்பு மரக்கட்டைக்குள் புதைந்திருக்கும், கொம்பு கிடையாது. கொழு, மண்வெட்டி, கடப்பாரை, வண்டிச் சக்கரத்துப் பட்டா எல்லாம் அதன் மேல்தான் உருவாகும். கூலி அறுவடைக்கு அறுவடை வள்ளக் கணக்கில் தானியமாக வரும்.

ஒரு பக்கம் கொம்பும் மறுபக்கம் துளைகளும் உள்ள சீமைப் பட்டடை வெள்ளைக்காரன் காலத்து வரவு. 1862-இல் போத்தனூருக்கு ரயில் வந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகின, கிணற்றுக் கவலைகள் போய் பம்புகள் வந்தன. 1937-இல் ஜி. டி. நாயுடு மின்மோட்டாரை இங்கேயே செய்தார். மில் மிஷினுக்கும் பம்புக்கும் ரிப்பேர் பார்க்கப் பட்டறை வேண்டும். பட்டறைக்குப் பட்டடை வேண்டும். கோயமுத்தூர் இஞ்சினியரிங் தொழிலின் அடிக்கல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ரிட்டயரான பிறகு இவற்றைத் தேடிப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உக்கடம் பழைய இரும்புக் கடைகள், மூடிய மில்களின் ஏலம், சூலூர், பொள்ளாச்சிப் பக்கத்துப் பழைய பட்டறைகள் என்று சுற்றுவேன். பாக்கெட்டில் ஒரு பேரிங் குண்டு, சின்னச் சுத்தியல், கம்பி பிரஷ், ஒரு சாக்பீஸ், இவ்வளவுதான் உபகரணம். ஒரு கடைக்காரர் கேட்டார்: "ஏனுங் சார், பழைய இரும்புக்கு இத்தனை வைத்தியமுங்களா?" வைத்தியம்தான். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், குறித்துக் கொள்ளுங்கள்.

முதலில் பக்கவாட்டை பிரஷால் தேய்த்துச் சாக்பீஸைத் தடவுங்கள். எழுத்து தெரிந்தால் அதிர்ஷ்டம். டட்லியில் பீட்டர் ரைட் செய்ததும், ஷெஃபீல்டில் மவுஸ்ஹோல் செய்ததும் பேர்போனவை. மூன்று எண்கள் இருந்தால் அது பெரும்பாலும் ஆங்கில எடை. முதல் எண் அந்தர், அதாவது 112 ராத்தல். இரண்டாவது கால் அந்தர், 28 ராத்தல். மூன்றாவது தனி ராத்தல். என்னிடம் உள்ளதில் 1 - 2 - 10 என்று இருக்கிறது. கூட்டினால் 178 ராத்தல், சுமார் 81 கிலோ. பெயர் தேய்ந்து போனாலும் எடை அழியவில்லை.

அடுத்தது, முகம். பழைய நல்ல பட்டடைகளில் உடம்பு தேனிரும்பு. மேலே எஃகுத் தகடு ஒன்றைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். பேரிங் குண்டை 10 அங்குல உயரத்திலிருந்து விடுங்கள். 7, 8 அங்குலம் துள்ளினால் எஃகு உயிரோடு இருக்கிறது. பாதிகூட எழும்பாவிட்டால் வார்ப்பிரும்பாக இருக்கலாம், அல்லது தீ விபத்தில் பதம் இழந்ததாக இருக்கலாம். முகம் முழுக்க இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். ஓரிடத்தில் மட்டும் துள்ளல் செத்தால் அங்கே தகடு விட்டிருக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் மணிபோல் கணீரென்று வர வேண்டும். 'டொக்' என்றால் விரிசலைத் தேடுங்கள்.

ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம். நல்ல ஓரமாக ஒரு சாண் மிஞ்சினாலே வேலைக்குப் போதும். ஆனால் பளபளவென்று கிரைண்டிங் போட்டு வைத்திருந்தால் ஜாக்கிரதை! அந்த எஃகுத் தகடே அரை அங்குலம்தான். பார்வைக்கு அழகாக்குகிறேன் என்று கிரைண்டர் தின்ற எஃகு திரும்பி வராது.

இதெல்லாம் எதற்கு? கொழு அடிக்க ஆள் வருவதில்லை, வண்டிக்கு டயர் வந்துவிட்டது. தாத்தாவின் பட்டறையைப் பேரன் மூடுகிறான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? பட்டடை தராசில் ஏறுகிறது, கிலோ கணக்கில் விலையாகிறது, ஃபவுண்டரி உலையில் பம்பு உறையாகிவிடுகிறது. எந்தத் தொழிலை அது தாங்கி வளர்த்ததோ, அந்தத் தொழிலே அதை விழுங்குகிறது. கூடவே எந்த ஊர்ப் பட்டறை, யார் அடித்தது, எந்த மில்லுக்கு வேலை செய்தது என்ற விவரமும் போய்விடும். மில்களுக்காவது கணக்குப் புத்தகம் உண்டு. கொல்லர்களுக்கு அதுவும் கிடையாது. அவர்கள் விட்டுப்போன ஆவணம் இது ஒன்றுதான்.

நம்மில் பலர் ஃபவுண்டரி வைத்திருக்கிறோம், பலர் ஸ்கிராப் வாங்குகிறோம். உங்கள் யார்டில் ஒரு பட்டடை வந்து இறங்கினால், உலைக்கு அனுப்புமுன் துள்ளுகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டு எழுத்தைப் போட்டோ எடுத்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். உயிரோடு இருந்தால், இன்னும் உலை மூட்டும் ஒரு கொல்லருக்கு அதே எடைவிலைக்குக் கொடுங்கள். அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் நம் கல்லூரி ஒர்க்ஷாப் வாசலில் இடம் இருக்கிறது.