மேற்பூச்சு ரெட்டினாய்டுகள்

வைட்டமின் ஏ-யும் அதன் வழிப்பொருள்களும் அதைப் போலவே செயல்படும் சில செயற்கை மருந்துகளும் சேர்ந்த குடும்பத்துக்கு ரெட்டினாய்டுகள் என்று பெயர். முகப்பரு, வெயிலால் விழும் சுருக்கம், நிறத்திட்டு ஆகியவற்றுக்காகக் கிரீம், ஜெல், சீரம் வடிவங்களில் முகத்தில் பூசப்படுகின்றன. வீட்டில் பூசிக்கொள்ளும் பொருள்களில் இவ்வளவு நீண்ட ஆய்வுப் பின்னணி உள்ளவை சிலவே. அவசரத்தால் இந்த அளவுக்குக் கெடுத்துக்கொள்ளப்படுபவையும் சிலவே.

அழகுசாதனக் கடைகளில் கிடைக்கும் ரெட்டினைல் பால்மிடேட்டும் ரெட்டினாலும் தோலுக்குள் படிப்படியாக ரெட்டினாயிக் அமிலமாக மாறிய பிறகே வேலை செய்கின்றன. மருத்துவர் எழுதித்தரும் ட்ரெட்டினாயின் அந்த அமிலமேதான். அதனால் வீரியமும் எரிச்சலும் அதற்கு அதிகம். செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளோடு இணைந்து அது மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றுகிறது. மயிர்க்கால் துளைகளை அடைக்கும் இறந்த செல்கள் ஒட்டிக்கிடக்காமல் உதிர்கின்றன; அடித்தோலில் கொலாஜன் உற்பத்தி கூடுகிறது. அடாபலீன், டாசரோட்டீன் இரண்டும் செயற்கையாக உருவாக்கப்பட்டவை. 0.1% அடாபலீன் ஜெல்லை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அமெரிக்கா 2016-இல் அனுமதித்தது.

ட்ரெட்டினாயின் முகப்பருவுக்குப் பயன்படும் என்பதை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் தம் சகாக்களோடு 1969-இல் வெளியிட்டார். 1971-இல் ‘ரெட்டின்-ஏ’ என்ற பெயரில் அது அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. வெயிலால் முதிர்ந்த தோலையும் அது ஓரளவு சீராக்கும் என்று அவரது குழு 1986-இல் எழுதிய பிறகே சுருக்கத்துக்கான மருந்தாகப் புகழ்பெற்றது. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மீது கிளிக்மன் 1974 வரை நடத்திய தோல் சோதனைகள் மருத்துவ அறத்தின் கறையாகவே இன்றும் பேசப்படுகின்றன. இந்த மருந்தின் கதையை அவற்றை விட்டுவிட்டுச் சொல்வது நேர்மையாகாது.

பூசும் முறை

எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. ட்ரெட்டினாயினின் 0.025%, 0.1% ஆகிய இரு அளவுகளையும் ஒப்பிட்டு 1995-இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், வெயிலால் முதிர்ந்த தோலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. எரிச்சல் மட்டும் வீரியம் குறைந்ததில் தெளிவாகக் குறைவு. மாநிறத்தவரும் கருநிறத்தவரும் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் தோல் புண்பட்ட இடத்தில் கருமையை விட்டுச்செல்லும் இயல்புடையது. பருவின் கறையை நீக்கப் பூசிய கிரீமே எரிச்சலூட்டிப் புதுக் கறையைத் தந்துவிடலாம்.

இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, துடைத்து, நன்றாக உலர விட வேண்டும். ஈரத்தோலில் எரிச்சல் கூடும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, கன்னங்கள், தாடை ஆகியவற்றில் புள்ளி வைத்துப் பரப்ப வேண்டும். பருவின்மேல் மட்டும் அப்புவதால் பயனில்லை, ஏனெனில் இனி வரப்போகும் பருவைத் தடுப்பதே இதன் முக்கிய வேலை. இமை, மூக்கின் ஓரம், உதட்டு முனை ஆகிய இடங்களைத் தவிர்க்கலாம், அல்லது அங்கே முன்கூட்டியே வாஸ்லின் தடவிக்கொள்ளலாம். முதலில் இரண்டு மூன்று இரவுகளுக்கு ஒருமுறை பூசி, தோல் பழகிய பின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். வறண்ட சருமத்தினர் முதலில் மாய்ஸ்சரைசரும் அதன்மேல் ரெட்டினாய்டும் பூசலாம்.

முதல் சில வாரங்களில் மூக்கோரமும் வாயோரமும் மெல்லிய செதிலாக உரியும். பருவும் சற்றுக் கூடலாம். அந்தச் செதிலை ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. சாதாரண மாய்ஸ்சரைசர் பட்டாலே எரிந்தால் சில நாள் நிறுத்தி, ஆறியபின் தொடரலாம். பரு குறைய 8 முதல் 12 வாரமும் சுருக்கம் மங்கப் பல மாதங்களும் ஆகும். அதற்குள் டியூபைத் தூக்கி எறிவோரும் உண்டு.

பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தேவை. கிளைகாலிக் அமிலம் போன்ற உரிக்கும் சீரங்களை அதே இரவில் சேர்க்காமல் இருப்பது நல்லது. பென்சாயில் பெராக்சைடு பல ட்ரெட்டினாயின் தயாரிப்புகளைச் சிதைத்துவிடும்; அடாபலீனோடு அதற்குப் பிரச்சினை இல்லை. மீசைப் பகுதிக்கு வேக்ஸிங் செய்வதற்கு ஒரு வாரம் முன்பே பூசுவதை நிறுத்தாவிட்டால் மெழுகோடு தோலும் உரிந்து வரக்கூடும். கருவுற்றோரும் கருத்தரிக்க முயல்வோரும் இவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு கலப்பு

மங்கு எனும் நிறத்திட்டுக்காகக் கிளிக்மன் 1975-இல் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் மூன்றையும் சேர்த்து ஒரு கலவையை வெளியிட்டார். அதே வகைக் கலவைகள் இந்தியாவில் சிவப்பழகு கிரீம்களைப் போலக் கடைகளில் கைமாறின. பரிந்துரைத்தவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல. பக்கத்து வீட்டுக்காரரோ மருந்துக்கடைக்காரரோதான். மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, முகத்தில் முடியும் பருவும் முளைத்தன. 2018-இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு தேவைப்படும் எச் பட்டியலில் சேர்த்தது. டியூபின் பின்புறம் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுவோசினலோன் ஆகிய ஸ்டீராய்டுகளின் பெயர்களில் ஏதாவது இருந்தால் அது வெறும் ரெட்டினாய்டு அல்ல. நெடுநாள் பூசியவர் அதைத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால், விடும் முறையைத் தோல் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.