கணக்குக் கேட்பவர் யார்? சுவீடிய மொழியில் சில அரசியற் சொற்கள்

அரசியற் சொல்லொன்றை மொழிபெயர்ப்பவர், அகராதியிற் பொருள் கண்டதோடு தமது பணி முடிந்ததென எண்ணிவிடலாகாது. அச்சொல்லினுள்ளே ஆள்வோரும் ஆளப்படுவோரும் நிற்கின்றனர். அவருள் யாரை முன்னிறுத்துவது என்பதைச் சில வேளைகளில் மொழிபெயர்ப்பாளரின் பேனாவே தீர்மானிக்கின்றது. 1995ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்த சுவீடன், அரச நிறுவனங்களின் சீர்திருத்தம் பற்றிய ஆங்கிலச் சொற்கள் பலவற்றைத் தன் மொழியிற் கூறவேண்டியதாயிற்று.

‘அக்கவுண்டபிலிற்றி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சுவீடிய மொழியில் ‘அன்ஸ்வார்’ என்ற பழஞ்சொல் உண்டு; பொறுப்பு என்பது அதன் பொருள். ஆனால் பொறுப்பு வகித்தல் வேறு, கணக்குக் கொடுத்தல் வேறு. ‘பொறுப்பு என்னுடையதே’ என்று பெருந்தன்மையோடு கூறிவிட்டு ஆசனத்தை விடாதிருக்கும் அமைச்சரை எந்நாட்டிலும் காணலாம். ஆகவே சுவீடிய அரசியல் அறிஞர் அப்பழஞ்சொல்லோடு வேறு சொற்களை இணைத்து இரு தொடர்களை வழங்குகின்றனர். ஒன்று, பொறுப்புக் கூறவேண்டிய கடப்பாடு எனப் பொருள்படுவது. மற்றையது, பொறுப்பை வற்புறுத்திக் கேட்டுப் பெறுதல் எனப் பொருள்படுவது. முன்னதில் அதிகாரியே எழுவாய்; பின்னதிலோ கேட்கும் குடிமகன் எழுந்து நிற்கின்றான்.

ஈழத்துத் தமிழில் இதற்குப் ‘பொறுப்புக்கூறல்’ என்கின்றோம். நல்ல சொல்தான், ஆயினும் கூறுபவர் மாத்திரமே அதில் உளர். 2017ஆம் ஆண்டில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகள் எங்கே எனக் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரின் செயலுக்கு அச்சொல்லில் இடமில்லை.

‘வெளிப்படைத்தன்மை’ என நாம் கூறும் ஆங்கிலச் சொல்லுக்கும் சுவீடியர் இரு சொற்களை ஆள்கின்றனர். ஒன்று ‘திறந்திருத்தல்’, மற்றது ‘இன்சின்’, அதாவது வெளியே நிற்பவர் உள்ளே நோக்குதல். கதவைத் திறந்து வைப்பது வீட்டுக்காரரின் தயவாகவும் இருக்கலாம். உள்ளே நோக்குவது மற்றவரின் உரிமை. இவ்வுரிமை அவர்களுக்கு எளிதிற் கிட்டியதன்று. 1766இல் இயற்றப்பட்ட அச்சுச் சுதந்திரச் சட்டம் அரச ஆவணங்களைப் பார்வையிடவும் அச்சிடவும் மக்களுக்கு வழிசெய்தது. அதற்காக வாதாடியவருள் முதன்மையானவர் அன்டர்ஸ் சூடேனியஸ். அக்காலத்திற் சுவீடனோடு இணைந்திருந்த பின்லாந்துப் பகுதியிலிருந்து வந்த மதகுரு அவர். ஆறே ஆண்டுகளில், 1772இல், மூன்றாம் குஸ்தாவ் மன்னன் அதிகாரத்தைத் தன் கையிற் குவித்தான்; 1774இல் அச்சுச் சுதந்திரத்தையும் சுருக்கினான். பின்னர் 1809இன் அரசியலமைப்பு மாற்றத்தை அடுத்தே அவ்வுரிமை மீண்டும் வேரூன்றலாயிற்று.

சுவீடனை இலட்சிய பூமியாக்க நாம் முனையவில்லை. பிரபுக்கள், குருமார், நகரத்தார், உழவர் என நால்வகுப்பாராய்க் கூடிய பழைய மன்றத்தை ஒழித்த 1866ஆம் ஆண்டின் மாற்றமும் ‘சீர்திருத்தம்’ என்றே பெயர் பெற்றது. போதிய சொத்தோ ஆண்டுக்கு 800 றிக்ஸ்டாலர் வருமானமோ இல்லாத தொழிலாளிக்கு அச்சீர்திருத்தம் வாக்குரிமை தரவில்லை. பெண்கள் 1921 வரை காத்திருந்தனர்.

எதிர்த்திசையிற் பயணஞ்செய்த சொல்லும் ஒன்றுண்டு. அதிகாரிகளின் முறைகேடுகளை விசாரிக்க 1809இல் அங்கே நிறுவப்பட்ட பதவி ‘ஒம்புட்ஸ்மன்’ என்பது. ஆங்கிலம் இதற்கு ஈடுகாணாது அச்சொல்லையே எடுத்துக்கொண்டது. 1962இல் நியூசிலாந்து இப்பதவியை ஏற்படுத்தியது. இலங்கையிலும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதற்கு இடமளிக்க, 1981இற் சட்டம் பிறந்தது. சுவீடனில் எவரும் நேரே முறையிடலாம். இங்கோ சொல் முழுமையாக வந்து சேர்ந்தது. வாசல் வந்து சேரவில்லை. குடிமகனின் மனு முதலிற் பாராளுமன்றத்தின் பொதுமனுக் குழுவினூடாகவே செல்லவேண்டியிருந்தது. நேரே முறையிடும் வழி 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே திறந்தது.