வக்கீலின் பிழையும் கட்சிக்காரரின் நஷ்டமும்

மாதுங்காவில் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர் ஒருவர்மீது வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வாய்தா நாளன்று அவருடைய வக்கீல் ஸ்மால் காஸஸ் கோர்ட்டுக்கு வரவில்லை. ஒருதலைத் தீர்ப்பாகி வீடும் கைவிட்டுப் போயிற்று. அந்த நஷ்டத்தை வக்கீலிடமே கேட்டுப் பெறலாகுமா? இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

இங்கிலாந்தில் பாரிஸ்டரின் ஊதியம் கௌரவக் காணிக்கையாகவே கருதப்பட்டது. அதைக் கோரி அவர் வழக்காட இயலாது. வாதத்தில் நேர்ந்த பிழைக்காக அவர்மீதும் வழக்காட இயலாது. அம்மரபின் நிழல் இந்தியாவிலும் படிந்திருந்தது. 1926ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வக்கீல் கட்டணச் சட்டம் தராசின் இரு தட்டுகளையும் சமமாக்கிற்று. கட்டணத்துக்காக வக்கீல் வழக்காடலாம். கடமையில் அசட்டையாயிருந்தால், வக்கீல் என்ற ஒரே காரணத்தால் அவர் தப்பவும் முடியாது. இங்கிலாந்தில் பாரிஸ்டர்களின் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டிலேதான் நீங்கியது.

கதவு திறந்ததேயன்றி வழி எளிதாகவில்லை. வக்கீல் தவறினார் என்று காட்டினால் மட்டும் போதாது. அவர் வந்திருந்தால் வழக்கு வென்றிருக்குமா என்பதையும் காட்டவேண்டும். வழக்கினுள்ளே மற்றொரு வழக்கு!

1958இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விதவையின் வழக்கைத் தீர்த்தது. அவர் கணவர் வீட்டில் மின்சாரம் தாக்கி இறந்தவர். நஷ்டஈட்டு வழக்கின் கெடுவைச் சட்ட ஆலோசகர்கள் தவறவிட்டனர். வெற்றி உறுதியில்லையென்று நீதிமன்றம் அவரை வெறுங்கையுடன் அனுப்பவில்லை. முழுத் தொகையும் அளிக்கவில்லை. இழந்த வாய்ப்பையே மதிப்பிட்டு 2,000 பவுன் வழங்கிற்று.

வக்கீல் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்காது என 2024 மே 14 அன்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின் நஷ்டஈடு கோருவோர் நாடவேண்டியது சிவில் நீதிமன்றமே. அதற்கும் மூன்றாண்டுக் கெடு உண்டு. அதற்கு முன், ஒருதலைத் தீர்ப்பை நீக்குமாறு 30 நாட்களுக்குள் மனுச் செய்வதே முதற்கடமை. நஷ்டமே நேராமற் போகலாம்.

மொழி புதிதான நகரில், படியாமலே கையொப்பமிடும் நம்மவர் பலர். தாராவியில் கடை வைத்திருப்பவராயினும் செம்பூரில் வீடு வாங்கியவராயினும், வக்காலத்தின் நகல், கட்டண ரசீது, கடிதங்கள் ஆகியவற்றைப் பெட்டியிற் பத்திரப்படுத்துதல் வேண்டும். முதல் வழக்கை வென்று தந்திருக்கக்கூடிய அதே வாடகை ரசீதுகள்தாம் இரண்டாம் வழக்கையும் தாங்கி நிற்கும்.