முதுமையில் விழுதலும் சமூகப் பொருளாதாரப் பின்னடைவும்

அறுபது வயதைக் கடந்தவர்கள் நிலைதடுமாறிக் கீழே விழுவதற்கும் அவர்களுடைய வருமானம், கல்வி, வீடு, சாதி, பாலினம், துணையின்மை ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு, முதியோர் மருத்துவமும் சமூக மருத்துவமும் சேர்ந்து ஆராயும் பொருளாகும். உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததனால் இறக்கின்றனர். அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். உயிரிழப்போரில் முதியோரே மிகுதி. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர் ஆவர். இந்திய அளவில் அது 8.6 விழுக்காடாக இருந்தமையால் இச்சிக்கல் இம்மாநிலத்துக்கு முன்னதாகவே வந்து சேர்ந்துள்ளது.

வரையறையும் வகைப்பாடும்

1987ஆம் ஆண்டில் கெல்லாக் பன்னாட்டுப் பணிக்குழு வகுத்த வரையறையின்படி, ஒருவர் தம் விருப்பமின்றித் தரையிலோ தாம் இருந்ததைவிடத் தாழ்வான இடத்திலோ வந்து கிடக்க நேர்வது விழுதல் எனப்படும். பலத்த அடி, நினைவிழப்பு, பக்கவாதத்தின் திடீர்த் தாக்கு, வலிப்பு ஆகியவற்றால் விழுவதை அவ்வரையறை விலக்கியது. விழுவதற்கான காரணங்களை மருத்துவ நூல்கள் நெடுங்காலம் இரண்டாகவே பிரித்தன. கண்பார்வைக் குறைவு, தசை நலிவு, மூட்டுத் தேய்மானம், நீரிழிவினால் பாதங்களில் ஏற்படும் உணர்விழப்பு, மருந்துகளால் வரும் தலைச்சுற்றல் போன்றவை அகக் காரணங்கள் எனவும், வழுக்கும் தரை, வெளிச்சக் குறைவு, உயரமான நிலைப்படி, தேய்ந்த செருப்பு போன்றவை புறக் காரணங்கள் எனவும் கொள்ளப்பட்டன.

உலக நலவாழ்வு அமைப்பு 2007இல் வெளியிட்ட அறிக்கை இப்பகுப்பை விரித்து, உடல் சார்ந்தவை, நடத்தை சார்ந்தவை, சூழல் சார்ந்தவை, சமூகப் பொருளாதாரம் சார்ந்தவை என நான்கு வகைகளை வகுத்தது. நான்காம் வகையில் குறைந்த வருமானம், கல்வியின்மை, போதிய வீடின்மை, உறவுத் துணையின்மை, மருத்துவ வசதி எட்டாமை ஆகியவை அடங்கும். நான்கும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டாலும் நான்காவதே ஏனைய மூன்றையும் தாங்கும் அடித்தளமாகும். கண்புரையை அகற்றிக்கொள்ளாமல் இருப்பதும், வழுக்கும் தரையில் குளிப்பதும், தள்ளாத வயதில் சுமை தூக்குவதும் பெரும்பாலும் கையில் பணமில்லாமையின் விளைவுகளே.

ஆய்வு வரலாறு

முதியோர் விழுதலைத் தனி ஆய்வுப் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் தொழில் நகரமான உல்வர்ஹாம்ப்டனில் பணியாற்றிய மருத்துவர் ஜே. எச். ஷெல்டன் ஆவார். அவர் 1948இல் வெளியிட்ட நூல், முதியோரை மருத்துவமனைக் கட்டிலில் பார்க்காமல் அவர்களுடைய வீட்டிலேயே பார்த்து எழுதப்பட்டதாகும். 1960இல் அவர் 202 பேருக்கு நேர்ந்த 500 விழுதல்களை வகைப்படுத்தி வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தற்செயலாக நிகழ்ந்தவை என்றும், கால் பங்கு முன்னறிவிப்பின்றிக் கால்கள் மடங்கியதால் நிகழ்ந்தவை என்றும் காட்டியதோடு, படிக்கட்டுகளின் பங்கையும் எடுத்துரைத்தார். அவருக்குப் பின் பெர்னார்ட் ஐசக்ஸ் என்னும் மருத்துவர், நடமாட்டமின்மை, நிலைதடுமாற்றம், சிறுநீர் அடக்க இயலாமை, அறிவாற்றல் குறைவு ஆகிய நான்கையும் முதுமை மருத்துவத்தின் பூதங்கள் என்று வருணித்தார்.

அமெரிக்காவில் மேரி டினெட்டி 1988இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் வாழும் 75 வயதைக் கடந்த 336 பேரில் 32 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் விழுந்தது தெரியவந்தது. இடர்க் காரணி எதுவும் இல்லாதவர்களில் 8 விழுக்காட்டினரும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகள் உள்ளவர்களில் 78 விழுக்காட்டினரும் விழுந்தனர். உறக்க மருந்து, நடைத் தடுமாற்றம், பாதக் கோளாறு போன்றவை அக்காரணிகளில் இடம்பெற்றன. வருமானமும் வீடும் இடம்பெறவில்லை.

இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்குச் சென்னையே தொட்டில் எனலாம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் மருத்துவர் வி. எஸ். நடராசனின் முயற்சியால் முதியோருக்கான புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ முதுநிலைப் படிப்பு ஏற்பட்டது. 2017–18இல் நாடு முழுவதும் 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு, விழுதலையும் வருமானம், கல்வி, சாதி ஆகியவற்றையும் ஒரே வினாநிரலில் கேட்டுப் பதிந்தது.

செங்கல்பட்டுக் கரையோரப் பின்புலம்

இத்தொடர்பை ஒரு வட்டாரத்தில் வைத்துப் பார்க்கக் கடப்பாக்கம் எடுத்துக்காட்டாகும். அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, செங்கல்பட்டு மாவட்டத்தின் செய்யூர் வட்டத்தில், இடைக்கழிநாடு பேரூராட்சிக்கு உட்பட்ட ஊராகும். மீன்பிடித்தலும் தென்னை, சவுக்குத் தோப்புகளில் கூலி வேலையும் இவ்வட்டாரத்தின் பிழைப்புகளில் முக்கியமானவை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது.

இம்மாவட்டத்தின் நிலமின்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஊர் நிலத்தின் மீது சில குடும்பங்களுக்கே பரம்பரை உரிமை தந்த மிராசு முறையின் கீழ் உழுதவர்களுக்கு வயலும் உரிமையில்லை, குடியிருந்த மனையும் உரிமையில்லை என்பதைச் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் விரிவாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது; அந்நிலங்களே பஞ்சமி நிலங்கள் எனப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனதால், நிலமற்ற கூலிக் குடும்பங்களில் முதுமை என்பது சேமிப்பும் சொத்தும் இல்லாத பருவமாகவே நீடித்தது.

பின்னடைவு விழுதலாக மாறும் வழிகள்

முதல் வழி உழைப்பு. மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தலையில் சுமந்து மணலிலும் தார்ச்சாலையிலும் நடந்து விற்கும் மூதாட்டிக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று இல்லை. மூட்டுத் தேய்ந்த பின்னும் சுமை குறையாததால் தடுமாற்றம் மிகுகிறது. இரண்டாவது வழி வீடு. கீற்று மறைப்புக்குள் பாசி படிந்த கல்லின் மேல் நின்று குளிப்பதும், இரவில் கழிப்பிடத்துக்காக இருட்டில் வெளியே செல்வதும், கைப்பிடிச் சுவரில்லாத படிகளில் இறங்குவதும் அன்றாடம் இடர் தருபவை. மூன்றாவது வழி உணவு. கஞ்சியும் சோறும் வயிற்றை நிரப்பினாலும் புரதக் குறைவு தசையையும் இரும்புச்சத்துக் குறைவு இரத்தத்தையும் நலியச் செய்கின்றன.

நான்காவது வழி கண்பார்வை. இங்கிலாந்தில் 2005இல் வெளியான ஆய்வொன்று, முதற்கண்ணில் கண்புரை அறுவை செய்துகொண்ட மூதாட்டியரிடையே விழுதல் 34 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. தமிழ்நாட்டில் இவ்வறுவை இலவசமாகக் கிடைத்தாலும், அழைத்துச் செல்ல ஆளும் இழக்கும் நாளின் கூலியும் தடையாகின்றன. மாதவிடாய் நின்றபின் எலும்புப்புரை, அதாவது எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை, பெண்களிடம் விரைவதாலும், கணவரை இழந்து தனித்து வாழ்வோரில் பெண்களே மிகுதி என்பதாலும் எல்லா வழிகளும் கூடுமிடத்தில் ஏழைக் கைம்பெண்ணே நிற்கிறார்.

விழுந்த பின்

வசதியுள்ளவர் விழுந்தால் அது சில வார ஓய்வாக முடியலாம். வறியவர் விழுந்தால் குடும்பமே நிலைகுலைகிறது. இடுப்பெலும்பு முறிந்தவருக்கு இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்வது நல்லது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. இக்கரையோரத்தினருக்குப் பெரிய அறுவைக்கான அரசு மருத்துவமனைகள் 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் உள்ளன. செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி, மரபு முறை எலும்புக் கட்டான புத்தூர்க் கட்டை நாடுவோர் உண்டு. ஆனால் இடுப்பெலும்பு முறிவை வெளிக்கட்டினால் சேர்க்க இயலாது. படுத்த படுக்கையாவோருக்குப் படுக்கைப் புண்ணும் நுரையீரல் அழற்சியும் உயிருக்கு உலை வைக்கின்றன. பணிவிடைக்காக மகளோ மருமகளோ வேலையை விட நேர்வதால் வருமானம் மேலும் சுருங்குகிறது. மீண்டும் விழும் அச்சத்தால் நடமாட்டத்தைக் குறைப்பவரின் தசை நலிந்து, அடுத்த விழுதலுக்கே வழி பிறக்கிறது.

நடவடிக்கைகளும் இன்றைய நிலையும்

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் தொடங்கப்பட்டது. 2011இல் மாதம் ஆயிரம் ரூபாயாகவும், 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2008இல் 108 அவசர ஊர்தியும், 2009இல் உயிர்காக்கும் சிகிச்சைக்கான அரசு காப்பீடும் வந்தன. 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் வறிய முதியோருக்கு ஊன்றுகோலும் மூக்குக்கண்ணாடியும் வழங்குகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு சென்றது. அதே ஆண்டு டிசம்பரில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம் திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. வீட்டில் வழுக்கி விழுந்தவருக்கு அது பொருந்தாது. 2024இல் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. குளிக்குமிடத்தில் கைப்பிடியும் சொரசொரப்பான தரையும் இரவு விளக்கும் அமைத்துத் தருவது, ஓய்வூதியத்தைப் போலவே வறிய முதியோரின் உரிமையாகக் கருதப்பட வேண்டியதாகும்.