சத்தமில்லாத பிழை: 15,841-ம் 444-ம்

2020 கோடையில சென்னை மாநகராட்சி தினமும் ஒரு கொரோனா அட்டவணை வெளியிடும், ஞாபகம் இருக்கா? 15 மண்டலம், 15 வரி. ராயபுரம் ரொம்ப நாள் உச்சத்துல இருந்துச்சு. 2-வது மண்டலமான நம்ம மணலியில எண்ணிக்கை கம்மிதான். அதைப் பார்த்துட்டு நிம்மதியா போனோம். அந்த எண் நம்ம கைக்கு வர்ற வழியில ஏதாவது விழுந்திருந்தா, யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

முதல்ல கொஞ்சம் கோடிங் பக்கம் போவோம். 1993-ல எக்செல் 5 கூட விபிஏ வந்துச்சு. அதுல ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’னு ஒரு வரி. அர்த்தம் சிம்பிள்: பிழை வந்தா நிக்காதே, அடுத்த வரிக்குப் போ. இதுக்கு நியாயமான இடமும் உண்டு. ஒரு ஷீட் இருக்கா இல்லையான்னு பார்க்கணும்னா, இதைப் போட்டுத் தேடலாம். உடனே எரர் நம்பரைப் பார்த்துட்டு, ‘ஆன் எரர் கோடூ 0’ போட்டு மூடிடணும். ஆனா நிறைய பேர் இதை மேக்ரோவோட தலையிலயே போட்டு விட்டுடுவாங்க. அப்புறம் ஃபைலே திறக்கலைன்னாலும் மேக்ரோ ஓடும். கடைசியில ‘முடிந்தது’ன்னு மெசேஜும் வரும்.

சரி, அந்த வரியை எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துச்சா? இல்லை. எரரே வராத பிழையும் இருக்கு.

இங்கிலாந்து பொது சுகாதாரத் துறையில ஆய்வகங்கள் அனுப்புற கொரோனா முடிவுகள் தானாவே எக்செல் ஃபைலுக்குள்ள போற மாதிரி வெச்சிருந்தாங்க. ஃபைல் பழைய எக்ஸ்எல்எஸ் வகை. அதுல 65,536 வரிதான் கொள்ளும். ஒரு நோயாளிக்கே பல வரி. இடம் நிரம்பினதும் மிச்சமெல்லாம் சத்தமில்லாம வெட்டுப்பட்டுச்சு. 2020 செப்டம்பர் 25-ல இருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பேர் கணக்குல வரலை. அவங்களுக்கு ரிசல்ட் போயிடுச்சு. ஆனா அவங்ககூட பழகினவங்களைத் தேட வேண்டிய குழுவுக்குப் பட்டியல் போகலை. எத்தனையோ பேர் தெரியாமலே வெளியில நடமாடியிருப்பாங்க.

நம்ம ஊர்ல நடந்தது மேக்ரோவால இல்லை, ஆனா நோய் அதே நோய்தான். மாநகராட்சியோட இறப்புப் பதிவேட்டுல இருந்த கொரோனா மரணங்கள் சில, மாநில அரசோட தினசரி அறிக்கையில இல்லை. அறிக்கையைத் தனியா பார்த்தா தப்பே தெரியாது, கூட்டல் எல்லாம் சரியா இருக்கும். ரெண்டு பட்டியலையும் பக்கத்துல வெச்சப்பதான் ஓட்டை தெரிஞ்சுது. அரசு குழு போட்டு ஆராய்ஞ்சது. 2020 ஜூலை 22 அன்னிக்கு, விடுபட்ட 444 மரணங்களைக் கணக்குல சேர்த்தாங்க. மாநிலத்தோட மொத்தம் ஒரே நாள்ல 2,626-ல இருந்து 3,144 ஆச்சு.

இதுல நான் கவனிக்கிறது ஒண்ணுதான்: சத்தமில்லாத பிழையை அந்த ஷீட்டுக்குள்ளயே உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. வெளியில இருந்து இன்னொரு கணக்கு வரணும். இது நம்ம துறைமுகத்துக்குப் பழைய விஷயம். சரக்கு இறங்கும்போது கப்பல் தரப்புல ஒரு டாலி கிளார்க், கரை தரப்புல இன்னொருத்தர், ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணுவாங்க. எண்ணிக்கை ஒத்துப்போகலைன்னா, கையெழுத்துக்கு முன்னாடியே பேச்சு எழும்.

மேக்ரோவுலயும் அதைச் செய்யலாம். உள்ளே வந்த வரி எத்தனை, வெளியே போனது எத்தனை, தொகை காலத்தோட கூட்டுத்தொகை ரெண்டு பக்கமும் ஒண்ணா? இல்லைன்னா மேக்ரோ நிக்கட்டும், சேவ் பண்ண வேண்டாம். எந்த ஃபைல், எந்த வரின்னு ஒரு லாக் ஷீட்டுல எழுதட்டும். ஓடி முடிக்காத மேக்ரோவால ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

2021-ல கொரோனாவுல இறந்தவங்க குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம்னு முடிவாச்சு. அதை வாங்க, அந்த மரணம் கொரோனா மரணம்னு பதிவுல இருக்கணும். விடுபட்டுப் போறது ஷீட்டுல ஒரு வரி மட்டும் இல்லை மக்களே. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.