உலர்ந்த வைக்கோல்

அலகாபாத்தில் குளமோ குட்டையோ தானாக உறைவது மிக அபூர்வம் என்கிறார் சர் ராபர்ட் பார்க்கர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தளபதியாக இருந்தவர். ஆனால் அதே ஊரில், கோடையிலும் அவர் சாப்பாட்டு மேசைக்கு ஐஸ் வந்தது. சர்பத், பழம், பாலேடு எல்லாம் அதில்தான் குளிர்ந்தன. அக்பருக்கு வந்ததுபோல வடக்கு மலைகளிலிருந்து வந்த ஐஸ் அல்ல இது. ஊரிலேயே செய்தது. எப்படிச் செய்தார்கள் என்று 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் பார்க்கர் எழுதினார்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சீசன். திறந்த வெளியில் சுமார் 30 அடி சதுரத்துக்கு, 2 அடி ஆழத்தில் குழி வெட்டுவார்கள். அடியில் காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத்தட்டையோ எட்டு அங்குலம், ஒரு அடி உயரத்துக்குப் பரப்புவார்கள். அதன்மேல் நெருக்கமாக, மெருகு பூசாத சின்ன மண்சட்டிகள். ஆழம் ஒன்றேகால் அங்குலம்தான். பொழுது சாய்ந்ததும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அதில் ஊற்றிவிட்டுப் போவார்கள். சூரியன் வருவதற்கு முன் வந்து, உறைந்ததைக் கூடையில் சேர்ப்பார்கள். அதை 14, 15 அடி ஆழமுள்ள இன்னொரு குழியில் கொட்டி, கட்டையால் இடித்து இறுக்குவார்கள். அந்தக் குழிக்கு உள்ளே வைக்கோலும் முரட்டுக் கம்பளியும், மேலே கூரையும் உண்டு. மூன்று மாதக் குளிரைச் சேமித்து மே மாதத்தில் செலவழிப்பது. பேட்டரி மாதிரிதான்.

சேமிப்பது புரிகிறது. ஆனால் காற்றே உறைநிலைக்கு இறங்காத ராத்திரியில் தண்ணீர் எப்படி உறையும்? தட்டைகளின் இடுக்கு வழியே குளிர்காற்று சட்டிக்கு அடியில் புகுவதும் ஒரு காரணம் என்று பார்க்கர் நினைத்தார். தண்ணீர் ஆவியாவதால்தான் என்றார்கள் வேறு சிலர். பானைத் தண்ணீர் குளிரும் கதை நமக்கெல்லாம் பழக்கம் என்பதால், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்பவர் 1793-ல் காசியில் நடந்த இதே வேலையை எழுதும்போது ஒரு விஷயத்தைக் குறித்து வைத்தார்: சட்டிக்கு அடியில் இருக்கும் வைக்கோல் காய்ந்து இருக்க வேண்டும். தப்பித் தவறி நனைந்துவிட்டால் அதை எடுத்துவிட்டு வேறு போடுவார்கள். இதைப் பிடித்துக்கொண்டார் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். 1814-ல் பனித்துளி பற்றி அவர் எழுதிய நூலில் கேட்கிறார்: ஆவியாதல்தான் காரணம் என்றால் ஈர வைக்கோல் நல்லதாச்சே, அதை ஏன் மாற்றணும்?

உண்மையில் தண்ணீர் தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமில்லாத, காற்றில் ஈரம் குறைந்த இரவில், அதில் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளம் உள்ளதில் பெரும்பகுதி வளிமண்டலத்தைக் கடந்து விண்வெளிக்கே போய்விடும். வைக்கோலின் வேலை, மண்ணின் சூடு கீழிருந்து ஏறாமல் தடுப்பது. நனைந்தால் அந்த வேலையை அது செய்யாது. குழிக்குள் வைத்ததால் காற்று வீசிச் சூட்டைக் கொண்டுவருவதும் குறைந்தது. வெல்ஸுக்குக் கிடைத்த முக்கியமான சாட்சி, வைக்கோல் மாற்றியவர்களின் கைப்பழக்கம். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பெயர் நின்றது பிரெடரிக் டியூடருக்கு. 1833-ல் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' கப்பல் 180 டன் ஏரி ஐஸோடு கிளம்பி, நான்கு மாதம் கழித்து சுமார் 100 டன்னோடு கல்கத்தா சேர்ந்தது. ஹூக்ளிப் பக்கம் இதே முறையில் செய்த ஐஸ் சேறும் சகதியுமாக இருக்கும்; பாஸ்டன் கட்டிக்கு முன்னால் அதற்கு மதிப்பில்லாமல் போனது. சென்னைக்காக 1842-ல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள், இன்றைய விவேகானந்தர் இல்லம். டியூடர் கதையை ஆபீஸில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். மரத்தூளில் பொதிந்து பாதி உலகம் கடத்தியது சாமர்த்தியம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குளிரை உண்டாக்கியது பாஸ்டன் பனிக்காலம். அலகாபாத்காரர்களோ குளிர் இல்லாத இடத்தில் அதை உண்டாக்கினார்கள்.

2014-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் குழுவினர் கலிஃபோர்னியாவில் ஒரு மொட்டைமாடியில் மெல்லிய அடுக்குகள் கொண்ட தகடு ஒன்றை வைத்தார்கள். நேரடி வெயிலில், கரண்ட் இல்லாமல், சுற்றியுள்ள காற்றைவிட அது 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டு, தன் வெப்பத்தை அதே 8–13 மைக்ரோமீட்டர் வழியாக வெளியே விடுகிறது. வானம் மேகமூட்டமாக இருந்தால் அதுவும் மந்தமாகிவிடும். தகட்டுக்குக் கீழே ஒரு காப்பு அடுக்கும் வைத்திருந்தார்கள்.