பழைய ஜிடிஐ காருக்கு எந்த எஞ்சின் ஆயில்? கெட்டியாக ஊற்றுவதற்கு முன் ஒரு நிமிடம்

இருபது ஆண்டுகளைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் காரை வொர்க்‌ஷாப்பில் கொண்டு போய் நிறுத்தினால், முன்மூடியைத் திறப்பதற்கு முன்பே வரும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "கார் பழசாயிடுச்சு தம்பி, இனிமே கெட்டியான ஆயில் ஊத்துங்க." சில கார்களுக்கு அது சரியான யோசனை. பல கார்களுக்கு அது நோயை மூடி மறைக்கும் போர்வை.

நம் நாட்டில் இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ வைத்திருப்பவர்கள். 1990களின் இறுதியில் வந்த கார் அது. பின்பக்கம் லோட்டஸ் பெயர் பொறித்த ஒட்டு, உள்ளே மிட்சுபிஷியின் 4ஜி93 வகை 1,834 சிசி இரட்டை கேம் எஞ்சின், 16 வால்வு, சுமார் 138 குதிரைத்திறன். அப்பாவோ மாமாவோ அன்று ஆசைப்பட்டு வாங்கியதை இன்று மகன் வைத்திருக்கிறான். அல்லது இரண்டு மூன்று கை மாறி, முதல் சம்பளக்காரர் ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த எஞ்சினில் பேரிங் ஒன்று போய்விட்டால் செலவு ஆயிரக்கணக்கான ரிங்கிட். ஹாஃப்கட் கடைகளில் நல்ல எஞ்சினைத் தேடி அலைய வேண்டும், கிடைத்தாலும் அதன் வயதும் இதே வயதுதான். எனவே எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் படித்துவிட்டுப் போவதில் நஷ்டமில்லை.

பாட்டிலில் உள்ள எண்கள்

10டபிள்யூ-40 என்று போட்டிருந்தால், முன்னால் உள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி இருக்கும் என்பதைச் சொல்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 10டபிள்யூ எண்ணெயைச் சோதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில், 5டபிள்யூ எண்ணெயை 30 டிகிரி கீழே. நம் ஊரில் விடியற்காலையிலும் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கேமரன் மலையில்கூட 15 டிகிரியை ஒட்டித்தான். ஆகவே 5டபிள்யூவா 10டபிள்யூவா என்று கடையில் நின்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் 5டபிள்யூ சற்று விரைவாக மேலே ஏறும், அவ்வளவுதான்.

நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண். எஞ்சின் சூடான பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை அது காட்டுகிறது. இதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது 100 டிகிரியில் எண்ணெய் வழியும் வேகம். இரண்டாவது 150 டிகிரியில், பேரிங்கின் மிகக் குறுகிய இடைவெளியில் நசுங்கும் நிலையில் எண்ணெய் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பது. எச்டிஎச்எஸ் என்று சொல்வது இதைத்தான். 30 எண் எண்ணெய்க்கு இது குறைந்தது 2.9 இருக்க வேண்டும். 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 எண்ணெய்களுக்கு 3.5. 50 எண்ணுக்கு 3.7. வேகமாகச் சுற்றும் எஞ்சினில் கிராங்க் பேரிங்கைக் காப்பது இந்த மெல்லிய படலம்தான். 40-க்கும் 50-க்கும் இடையே இந்தக் குறைந்தபட்ச வரம்பில் உள்ள வித்தியாசம் மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். நல்ல 40 எண் எண்ணெய் பல நேரம் 50-க்கான வரம்பையே தொட்டுவிடும்.

கெட்டியானது என்ன செய்யும்?

எண்ணெய் பம்ப் ஓர் அழுத்த அளவுக்கு மேல் போகாதபடி அதில் ஒரு வால்வு இருக்கிறது. எண்ணெய் தேவைக்கு மேல் கெட்டியானால், வேகமாக மிதிக்கும்போது அந்த வால்வு திறந்து, எண்ணெயின் ஒரு பகுதி மேலே போகாமல் திரும்பிவிடும். மீட்டரில் அழுத்தம் நன்றாகத் தெரியும். ஆனால் பேரிங் வழியாக ஓடும் எண்ணெயின் அளவு குறையும். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. பேரிங்கிலிருந்து சூட்டைச் சுமந்து கொண்டு போவது ஓட்டம்தான். கெட்டி எண்ணெய் உள்ளே உராய்ந்து தானே சூடேறவும் செய்யும்.

சத்ரியா ஜிடிஐ உரிமையாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த 'டிக் டிக்' சத்தம் ஒன்று உண்டு. வால்வுக்கு மேலே எண்ணெய் நிரம்பி வேலை செய்யும் சிறு ஹைட்ராலிக் லிஃப்டர்கள் இருக்கின்றன. அவற்றில் காற்றோ அழுக்கோ புகுந்தால் அந்தச் சத்தம் வரும். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையிலும் இதே கதைதான். சத்தம் கேட்டவுடன் 20டபிள்யூ-50 ஊற்றுகிறார்கள். சத்தம் சில நாள் குறையலாம். ஆனால் லிஃப்டரின் ஊசித்துளை அழுக்கால் அடைபட்டிருந்தால், கெட்டி எண்ணெய் அதற்குள் நுழைய இன்னும் சிரமப்படும். காலையில் மட்டும் சில நொடி சத்தம் கேட்டு நின்றுவிட்டால் முதலில் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். ஃபில்டருக்குள் எண்ணெய் கீழே இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். மலிவு ஃபில்டர்களில் அது சீக்கிரம் இறுகிப்போகும், இரவு முழுவதும் எண்ணெய் வடிந்துவிடும். பத்து இருபது ரிங்கிட் சாமானுக்காக எஞ்சினைப் பழிக்க வேண்டாம்.

முதலில் காரைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும் முன் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கருவி வேண்டாம், கண்ணும் மூக்கும் போதும். இரவு நிறுத்தி வைத்த கார் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்து நீலப்புகை விட்டு நின்றால், வால்வு சீல் இறுகிப் போயிருக்கலாம். கெந்திங் மலையிலிருந்து கியரில் இறங்கி வந்து, சமதளத்தில் மறுபடி மிதிக்கும்போது புகை வந்தாலும் அதேதான். எப்போது மிதித்தாலும் புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கைப் பார்க்க வேண்டும். இவை இரண்டுக்கும் முன்னால், பிசிவி வால்வைக் கழற்றிச் சோதியுங்கள். விலை குறைந்த சிறு பொருள். அது அடைத்துக்கொண்டால் நல்ல எஞ்சினும் எண்ணெய் குடிக்கும்.

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் எண்ணெய் நீர்த்துப் போகிறது என்று பொருள். எரிபொருளைக் கூடுதலாகப் பாய்ச்சும்படி கம்ப்யூட்டரை மாற்றிய கார்களில் இது சகஜம். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெய் ஊற்றினாலும் சில நூறு கிலோமீட்டரில் இளகிவிடும். பெட்ரோல் அளவைச் சரிசெய்வதுதான் வைத்தியம். எண்ணெய் பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியானால் காரை ஓட்டாதீர்கள். மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், பக்கத்துக் கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் காரில் ஈரம் அப்படித் தங்கும்.

எதை ஊற்றுவது?

புகை இல்லை, 1,000 கிலோமீட்டருக்கு எண்ணெய் பெரிதாகக் குறையவில்லை, சூடான பிறகும் ஐடிலில் எண்ணெய் விளக்கு மினுக்கவில்லை என்றால், 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 போதும். வண்டிக் கையேட்டில் நம் நாட்டு வெப்பத்துக்கு அனுமதித்த எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டிலின் பின்புறம் ஏசிஇஏ ஏ3/பி4 என்று இருந்தால் இன்னும் நல்லது. சூட்டில் சீக்கிரம் இளகாத வகை அது.

எண்ணெய் கொஞ்சம் குறைகிறது, எஞ்சின் தேய்ந்திருக்கிறது, ஆனால் இப்போதைக்குப் பிரித்துச் செய்யப் பணமில்லை. இதுதான் நம்மில் பலர் நிலை. அப்போது 10டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-50 ஊற்றுவதில் தவறில்லை. நாள் கடத்த அது உதவும், குணப்படுத்தாது. சிப்பாங்கில் டிராக் ஓட்டுபவர்களுக்கும் 50 எண் பொருத்தமாக இருக்கும். அங்கே எண்ணெயின் சூடு சாலையில் ஓடும்போது இருப்பதைவிட வெகுவாக ஏறும். 5டபிள்யூ-50 போன்ற மிக அகலமான எண்களில் தடிப்பைத் தாங்குவது பெரும்பாலும் சேர்க்கப்பட்ட பாலிமர்கள். அவை அரைபட்டு உடைந்தால் 50 என்பது 40 ஆகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஏபிஐ எழுத்துகளைப் பொறுத்தவரை, 2001-இல் எஸ்எல், 2004-இல் எஸ்எம், 2010-இல் எஸ்என், 2020-இல் எஸ்பி என வந்தன. பின்னால் வந்த எழுத்து முந்தியதற்கு மாற்றாகப் பயன்படும். பழைய எழுத்தைத் தேடி அலைய வேண்டாம். இதில் ஒரு விதிவிலக்கு பற்றி அடிக்கடி பேசப்படுகிறது. வினையூக்கி மாற்றியைக் காக்க, 30 எண்ணும் அதற்குக் கீழும் உள்ள சிக்கன வகை எண்ணெய்களில் பாஸ்பரஸ் அளவை 0.08 விழுக்காடாகக் குறைத்தார்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அந்தக் கூட்டுப்பொருள்தான் உலோகம் உலோகத்தோடு உரசும் இடத்தில் கடைசிப் பாதுகாப்பு. ஹோண்டாவின் பி16 வகை விடெக் எஞ்சினில் கேம், உருளை இல்லாத ராக்கர்மேல் நேரடியாக வழுக்கி ஓடுகிறது. டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சினிலும் கேம் பக்கெட்டின் மேல் உரசுகிறது. இவற்றுக்கு 40 எண் எண்ணெய் எடுப்பதற்கு இது இன்னொரு காரணம், அந்தக் கட்டுப்பாடு 40-க்கு அப்படியே பொருந்துவதில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கேட்கும் கேள்வி வேறு. லோரிக்கும் டிராக்டருக்கும் வாங்கிய 15டபிள்யூ-40 டிரம்மில் மிச்சம் இருக்கிறதே, காருக்கு ஊற்றலாமா? டிரம்மில் 'சி' எழுத்தோடு 'எஸ்' எழுத்தும் இருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்கும் சோதிக்கப்பட்டது என்று பொருள், ஊற்றலாம். 'சி' மட்டும் இருந்தால் வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ எம்ஏ எண்ணெயையும் அப்படியே விட்டுவிடுங்கள். அது கிளட்ச் எண்ணெயில் மூழ்கி இருக்கும் வண்டிக்காகச் செய்தது.

சிந்தடிக் ஊற்றினால் பழைய கார் ஒழுகும் என்பது பழைய பயம். சீல் ஏற்கெனவே இறுகி வெடித்திருந்தால், அதை மூடியிருந்த அழுக்கு கரைந்து ஒழுகல் வெளியே தெரியும். ஒழுகலை உண்டாக்கியது எண்ணெய் அல்ல. 'ஃபுல்லி சிந்தடிக்' என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதையும் தர வேண்டாம். கச்சா எண்ணெயிலிருந்து கடுமையாகச் சுத்திகரித்த வகையையும் அப்படி அழைக்கலாம் என்று 1999-இல் அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று முடிவு செய்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல் விற்பனைச் சொல்லாகிவிட்டது.

மாற்றும் நாள்

நம் நெரிசலும் சூடும் எண்ணெய்க்குக் கடுமையான சூழல். சிந்தடிக் என்றாலும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு 5,000 முதல் 7,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது நல்லது. வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் கார் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பல ஆண்டுகள் கவனிக்காத காரை வாங்கியிருந்தால், வீரியமான ஃப்ளஷ் மருந்து ஊற்றாதீர்கள். மொத்தமாகப் பெயர்ந்த கசடு சம்ப்பின் வடிகட்டியை அடைத்து, எண்ணெயே ஏறாமல் செய்துவிடும். நல்ல எண்ணெயை 2,500 கிலோமீட்டரில் இரண்டு மூன்று முறை மாற்றினால் எஞ்சின் மெதுவாகத் தானே சுத்தமாகும்.

எந்த எண்ணெயானாலும் அளவு குறைந்தால் பயன் இல்லை. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே பெரும்பாலும் 1 லிட்டர்தான். கீழ்க் கோட்டை ஒட்டி இருக்கும் எண்ணெய், நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். காராக் நெடுஞ்சாலை வளைவில் எண்ணெய் விளக்கு ஒரு நொடி மினுக்கி அணைந்தால், வீடு போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு அளவு பாருங்கள். எண்ணெய் குடிக்கும் காருக்கு இதை ஒவ்வொரு பெட்ரோல் நிரப்பும்போதும் செய்ய வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது, கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும்.

போலி எண்ணெய் இங்கே உண்மையான தொல்லை. பெயர் பெற்ற பாட்டில் மற்றக் கடைகளைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தால் நம்பாதீர்கள். மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, பாட்டிலில் தயாரிப்பு எண் அழிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். காலிப் பாட்டிலைக் கத்தியால் ஒரு கீறு கீறிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும், மறுபடி நிரப்ப முடியாமல் போகட்டும்.

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுபவர்கள் கழிவெண்ணெயை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. கறையான் வராமல் இருக்க வேலிக் கம்பத்துக்குப் பூசுவது தோட்டங்களில் இருந்த பழக்கம், அதையும் விட்டுவிடலாம். சட்டத்தில் அது எஸ்டபிள்யூ 305 எண்ணிட்ட அட்டவணைக் கழிவு. பழைய பாட்டிலிலேயே ஊற்றி மூடி, எண்ணெய் சேகரிக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.